பாவம், அந்தப் போட்டியாளர்கள்!

கணினித் துறையில் பத்து வருடம் குப்பை கொட்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு புராணம் கிடைக்கும். அருமையான மென்பொருள்களை எழுதிக்கொண்டு நல்லவர்கள் பலர் நிம்மதியாக இருந்தார்களாம். மைக்ரோசாஃப்ட் என்றொரு அசுரன் வந்து பாதியைத் திருடி, மீதியை மிரட்டி, எல்லோரையும் விழுங்கினானாம். அசுரன் விஷயத்தில் தகராறு இல்லை. சந்தையில் தனக்கிருந்த ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடிக்கிற இடம் அந்த நல்லவர்கள்தான்.

முதல் காண்டம் டாஸ். கேரி கில்டாலுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பைப் பில் கேட்ஸ் தட்டிப் பறித்தார் என்பார்கள். 1980-இல் ஐபிஎம் ஆட்கள் இயங்குதளம் கேட்டு முதலில் போனது கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்துக்குத்தான். அன்று காலை அவர் தன் சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட அலுவலகத்தில் இருந்தவர்கள் தயங்கினார்கள். மைக்ரோசாஃப்டிடமும் இயங்குதளம் கிடையாது. சியாட்டிலில் ஒரு சிறு நிறுவனத்திடம் மொத்தம் 75,000 டாலருக்கு வாங்கி, டாஸ் என்று பெயரை மாற்றிக் கொடுத்தது. பின்னர் ஐபிஎம் கில்டாலின் மென்பொருளையும் விற்றது: டாஸ் 40 டாலர், அவருடையது 240 டாலர். விலையை ஐபிஎம் வேண்டுமென்றே ஏற்றியது என்று கில்டால் தரப்பு புலம்பியது. உண்மையாகவே இருக்கட்டும், அந்தப் பாவம் ஐபிஎம் கணக்கில் அல்லவா சேர வேண்டும்? டாஸை மற்ற கணினித் தயாரிப்பாளர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்டிடமே விட்டுவைத்ததும் அதே ஐபிஎம்தான். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கொள்ளை போனது என்று கூவினால் எப்படி?

அடுத்தது, விண்டோஸ் ஆப்பிளிடமிருந்து திருடியது என்ற குற்றச்சாட்டு. சுட்டியும் சாளரங்களும் கொண்ட ஆல்ட்டோ கணினியை ஜெராக்ஸ் 1973-லேயே செய்து வைத்திருந்தது. 1979-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் குழு அங்கே போய்க் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்தது. பதிலுக்கு ஜெராக்ஸுக்கு ஆப்பிள் பங்குகள் வாங்க வாய்ப்புக் கிடைத்தது. 1988-இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடுத்தது. மறு வருடமே ஜெராக்ஸ் ஆப்பிள்மீது தொடுத்தது. இரண்டும் தேறவில்லை. ஆப்பிள் தோற்றதற்கு முக்கியக் காரணம் ஒரு பழைய காகிதம்: தன் திரை அமைப்பின் பல அம்சங்களைப் பயன்படுத்திக்கொள்ள 1985-இல் மைக்ரோசாஃப்டுக்கு அனுமதி எழுதிக் கொடுத்து, அன்றைய தலைவர் ஜான் ஸ்கல்லி கையெழுத்தும் போட்டிருந்தார். 1997-இல் ஆப்பிள் தள்ளாடியபோது 15 கோடி டாலர் முதலீட்டோடு வந்து கைகொடுத்ததும் அந்தத் 'திருடன்'தான். பாஸ்டன் கூட்டத்தில் பிரம்மாண்டத் திரையில் கேட்ஸின் முகம் தோன்றியபோது ஆப்பிள் பக்தர்கள் ஊளையிட்டார்கள். பணம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

லோட்டஸ் 1-2-3 விரிதாள், வேர்ட்பெர்ஃபெக்ட் சொல்செயலி இரண்டையும் விண்டோஸுக்குள் ரகசியக் கதவுகள் வைத்துக் கொன்றார்கள் என்பது இன்னொரு பாட்டு. மைக்ரோசாஃப்டின் எக்செல் 1987-லேயே விண்டோஸில் ஓடியது. விண்டோஸ் 3.0 வந்தது 1990 மே மாதம்; வேர்ட்பெர்ஃபெக்ட் அதற்கேற்ற பதிப்பைக் கொண்டுவர 1991 நவம்பர் ஆனது. லோட்டஸும் அந்த வருடம்தான் விழித்தது. இருவரும் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கிய ஓஎஸ்/2 இயங்குதளத்தை நம்பிக் காத்திருந்தார்கள். அதுதான் எதிர்காலம் என்று மைக்ரோசாஃப்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதால் இந்த ஒரு மனத்தாங்கலில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே குதிரையில் மொத்தப் பணத்தையும் கட்டியது அவர்களுடைய சொந்த முடிவு.

அந்த ஓஎஸ்/2 கடைசியில் ஐபிஎம்மின் தனிச் சொத்தானது. 1995 ஆகஸ்டு 24, விண்டோஸ் 95 வெளியீட்டு நாள். ஓஎஸ்/2-ஐ உலகுக்கு விற்றுக்கொண்டிருந்த ஐபிஎம், தன் கணினிகளில் போட விண்டோஸ் 95 உரிமம் கேட்டு மைக்ரோசாஃப்ட் வாசலில் நின்றது. விழா தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது என்று ஐபிஎம் அதிகாரியே பிறகு சாட்சி சொன்னார். மைக்ரோசாஃப்ட் அப்படி இழுத்தடித்தது அடாவடிதான். ஆனால் தன் சரக்கைத் தன் கடையிலேயே நம்பி வைக்காதவருக்காக யார் அழுவது?

நெட்ஸ்கேப் உலாவியின் கதையில் பழி பெரும்பாலும் பொருந்தும். தன் எக்ஸ்புளோரர் உலாவியை விண்டோஸோடு இலவசமாகக் கட்டிக் கொடுத்தும், கணினித் தயாரிப்பாளர்களின் கையை முறுக்கியும் மைக்ரோசாஃப்ட் ஆடிய ஆட்டம் நீதிமன்றத்தில் ஆவணங்களோடு அம்பலமானது. அதற்காக நெட்ஸ்கேப்பைக் களத்தில் வீழ்ந்த அபிமன்யு ஆக்கிவிட முடியாது. நான்காம் பதிப்பு 1997-இல் வந்தது; ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. இருந்த நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள். ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது உலாவிப் போர் முடிந்து ஊர் தூங்கப் போயிருந்தது.

எதிர்த்து நின்றவர்களாவது கொள்கைச் சிங்கங்களா? 2000-ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்டுக்கு ஆதரவான அமைப்புகளைத் துப்பறிய ஆரக்கிள் அமர்த்திய நிறுவனம் பிடிபட்டது. வாஷிங்டனில் ஓர் அலுவலகத்துக் குப்பையைக் கொடுத்தால் பணம் தருவதாகத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேரம் நடந்திருந்தது. ஆரக்கிள் தலைவர் லாரி எலிசன் கூச்சப்படவில்லை. அது பொதுநல சேவை என்றார். வேண்டுமானால் எங்கள் குப்பையை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பிவைக்கிறோம் என்றும் சொன்னார். கேட்ஸையும் அவருக்குப் பின் மைக்ரோசாஃப்ட் தலைவரான ஸ்டீவ் பால்மரையும் மேடைதோறும் நக்கலடித்த சன் நிறுவனத்தின் ஸ்காட் மெக்நீலி, 2004-இல் பல வழக்குகளை முடித்துக்கொண்டு ஏறக்குறைய 200 கோடி டாலர் வாங்கினார். அன்றே மேடையில் பால்மரோடு ஹாக்கிச் சட்டை மாற்றிக்கொண்டு சிரித்தார். சன் 2010-இல் ஆரக்கிளின் வயிற்றுக்குள் போனது.

சூழ்ச்சியும் பணமும் இருந்தாலே வெற்றி என்ற வாதத்தை உடைக்கக் கைப்பேசிச் சந்தை ஒன்றே போதும். 2007-இல் ஐபோனைப் பார்த்த ஸ்டீவ் பால்மர், சந்தையில் பெரிதாக இடம் பிடிக்க அதற்கு வாய்ப்பே இல்லை என்று சிரித்தார். நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 700 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து 2014-இல் வாங்கி முடித்தார்கள். மறு வருடமே அதில் 760 கோடியை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். அங்கே எந்த அசுரன் வந்து மைக்ரோசாஃப்டை விழுங்கினான்? லோட்டஸ் தூங்கிய மாதிரியே இவர்களும் தூங்கினார்கள், அவ்வளவுதான்.

இப்போது புலம்பும் முறை இவர்களுடையது. 2023 அக்டோபரில் கூகுள்மீதான ஏகபோக வழக்கில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா சாட்சிக் கூண்டில் ஏறினார். ஐபோன் போன்ற கருவிகளில் தன்னையே முன்னிருப்புத் தேடுபொறியாக வைக்கக் கூகுள் பணம் கொட்டுகிறது, போட்டியாளர்கள் தலையெடுக்கவே முடியவில்லை என்று முறையிட்டார். 2024 ஆகஸ்டில் தீர்ப்பு கூகுளுக்கு எதிராக வந்தது.