ஆலயப் பயணமும் அன்னைத் தமிழும்



நீண்ட பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் நாட்டுக் கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பங்களுள் பல, தமிழ்நாட்டிற்குப் பயணம் புறப்படுகின்றன. வேளாங்கண்ணியில் ஒரு நேர்த்திக்கடன், நண்பர் வீட்டில் நான்கைந்து நாள், ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஆலய ஆராதனை, எஞ்சிய நாள்களில் துணிக்கடை. பெரும்பாலும் இதுவே பயணத் திட்டம். இதில் குறைகூற ஏதுமில்லை. ஓய்வும் வேண்டும், உறவும் வேண்டும், பக்தியும் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை ஆயிரம் ரிங்கிட் செலவிட்டு அழைத்துச் செல்லும் நம் பிள்ளைகள், அங்கே விருந்தினராக இருக்கிறார்களா, வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கிறார்களா?

இந்த இரண்டிற்கும் இடையே நிற்பது பணமன்று, மொழி. தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்குள்ள ஆலயம் தன் சொந்த வீடு. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது மற்றுமொரு சுற்றுலாத் தலம். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விழையும் கருத்து.

குடும்ப ஜெபத்தில் கண்டது

கடந்த விடுமுறையில் என் குடும்பமும், எங்கள் சபையைச் சேர்ந்த இன்னொரு குடும்பமும் பாளையங்கோட்டையில் உள்ள நண்பர் இல்லத்தில் தங்கினோம். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்துவ இல்லங்களில் மாலை நேரக் குடும்ப ஜெபம் ஒரு பழைய வழக்கம். பாய் விரித்து எல்லாரும் வட்டமாக அமர்வர். ஒரு கீர்த்தனை பாடுவர். பின்னர் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாக முறைவைத்துப் படிப்பர். பெரியவர், சிறியவர், விருந்தாளி என்ற வேறுபாடு அங்கில்லை.

ஐந்தாம் ஆண்டு பயிலும் என் மகள் தன் முறை வந்தபோது சற்றுத் திணறினாலும் படித்து முடித்தாள். அடுத்து அமர்ந்திருந்தவன் எங்களுடன் வந்த குடும்பத்தின் மகன், இடைநிலைப்பள்ளி மாணவன். அறிவுள்ள பிள்ளை, கித்தார் நன்றாக வாசிப்பான். அவன் புத்தகத்தைக் கையில் வாங்கினான். ஒரு கணம் பார்த்தான். பேசாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டான். வீட்டுப் பாட்டியம்மா, “பரவாயில்ல மக்கா, நீ கேட்டுக்கிட்டு இரு” என்று அன்போடு சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் மாலை ஜெப வேளையில் அவன் தலைவலி என்று மாடியிலேயே இருந்துவிட்டான். அதற்கு மறுநாளும் அப்படியே.

அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தமிழைக் கற்பதா வேண்டாமா என்று ஏழு வயதுப் பிள்ளை முடிவு செய்வதில்லை. நாம்தாம் முடிவு செய்கிறோம். விளைவை அனுபவிப்பவனோ அவன்.

ஞாயிற்றுக்கிழமை 1826-இல் எழுப்பப்பட்ட தூய திரித்துவப் பேராலயத்திற்குச் சென்றோம். அதன் உயர்ந்த கூரிய கோபுரத்தால் ஊரார் அதை ஊசிக் கோபுரம் என்பர். பாமாலைப் புத்தகத்தைத் திறந்து ஆயிரம் குரல்கள் ஒன்றாய் எழும்பியபோது என் மகளும் பாடினாள். அந்தப் பையன் ஆலயக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே பயணம், ஒரே இருக்கை வரிசை. ஆயினும் இரு பிள்ளைகளுக்கும் கிடைத்தவை வேறு வேறு.

தரங்கம்பாடி சொல்லும் பாடம்

வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம்மவருள் பலர் தரங்கம்பாடியை எட்டிப் பார்ப்பதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் வழியாக வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் போதும். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் தம் தோழர் புளூட்சோவுடன் இங்குக் கரையிறங்கினார். அவர் தமிழ் கற்ற முறையை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் ஒரு மாணவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் சென்று பயின்றவர், சிறுவர்களோடு மண்ணில் அமர்வதை இழுக்காக எண்ணவில்லை!

அவ்வாறு கற்றவர் 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அது 1715-இல் அச்சில் முழுமை பெற்றது. 1718-இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் தமிழில் ஆராதனை நடைபெறுகிறது. மறு ஆண்டே, தம் 36-ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவருடைய கல்லறை அவ்வாலயத்திற்குள்ளேயே இருக்கிறது.

நம் நாட்டிற்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. மலாயாவிற்கு வந்த தமிழ் லுத்தரன் மக்கள் தாம் விட்டுவந்த சபையை நினைந்து இங்கே ஒன்றுகூடினர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயம் அந்த மரபில் வந்ததே. ஆகவே, இங்கிருந்து ஒரு குடும்பம் தரங்கம்பாடிக்குச் செல்வதை வேற்றூர் சென்று பார்ப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. தாய்வீட்டுக்குச் செல்வது போன்றதே அது.

தரங்கம்பாடி மட்டுமா? 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அது தமிழ் நூல்! நம் மாணவர்கள் ‘எ’, ‘ஏ’ என்றும் ‘ஒ’, ‘ஓ’ என்றும் இன்று வேறுபடுத்தி எழுதுகிறார்களே, அவ்வெழுத்துச் சீர்திருத்தத்தைச் செய்தவர் வீரமாமுனிவர். 1732-இல் சதுரகராதியைத் தந்தவரும் அவரே. அவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி, நம் விமானங்கள் இறங்கும் திருச்சியிலிருந்து வெகுதொலைவில் இல்லை. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் புதினமான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் பணியாற்றிய சாயர்புரமும், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் அடக்கம் செய்யப்பட்ட இடையன்குடியும் பாளையங்கோட்டையிலிருந்து ஒரே நாளில் சென்றுவரத்தக்க தொலைவில் உள்ளன.

இவற்றை நான் அடுக்குவது பெருமை பேசுவதற்கன்று. தமிழ் நமக்குரிய மொழியன்று, அது இந்து சமயத்தாரின் மொழி என்று எண்ணும் கிறிஸ்துவப் பெற்றோர் சிலர் நம்மிடையே உள்ளனர். கிறிஸ்துவர்களுக்குத் தமிழ்ப்பற்று குறைவு என்று எண்ணும் தமிழரும் உள்ளனர். இரு சாராருக்கும் மேற்கண்ட ஊர்களே விடை சொல்லும்.

நம் நாட்டிலும் கதை அதுதானே? 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியைத் தோற்றுவித்தவர் ஹட்சிங்ஸ் என்னும் பாதிரியார். அப்பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றை நாம் எண்ணுகிறோம். அதன் 200-ஆம் ஆண்டை 2016-இல் சமய வேறுபாடின்றி அனைவரும் கொண்டாடினோம்.

“கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும்”

இக்கருத்தை நான் சொல்லும்போதெல்லாம் பெற்றோர் சிலர் ஒரு மறுப்பை முன்வைப்பர். “ஐயா, பிள்ளைக்கு எந்த மொழி புரிகிறதோ அந்த மொழியில் வணங்கட்டுமே! கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும்” என்பர். உண்மைதான். சீகன்பால்கு மக்களின் மொழியில் வேதத்தைத் தந்ததற்கும் அதுவே காரணம். ஆங்கில ஆராதனைக்குச் செல்லும் பிள்ளையின் பக்தி குறைவானது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால், கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும். பாளையங்கோட்டைப் பாட்டியம்மாவுக்குத் தெரியாதே! ஆலயத்திற்குச் செல்வது கடவுளோடு மட்டுமன்று, மனிதரோடும் கூடுவதற்காகத்தான். நண்பரின் ஊருக்கு அருகில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் நடைபெற்ற அசனத்திற்கு எங்களை அழைத்துச் சென்றனர். அசனம் என்பது சபையார் அனைவரும் கூடி உண்ணும் பொது விருந்து. பந்தியில் அமர்ந்த முதியவர் ஒருவர், தம் பாட்டனாரின் தம்பி மலாயாவில் பால்மரத் தோட்டத்தில் வேலைசெய்து அங்கேயே மறைந்ததைப் பற்றி என் மகளிடம் அரைமணி நேரம் பேசினார். அந்த அரைமணி நேரத்தை எந்தப் பயண நிறுவனமும் விற்க இயலாது. தமிழ் தெரிந்ததனால் மட்டுமே அது அவளுக்குக் கிட்டியது.

தமிழ்நாட்டில் எல்லாம் செம்மையாக இருக்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. நண்பரின் மகன் ஆங்கில வழிப் பள்ளியில் பயில்கிறான். அவன் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தில் என் மகள் நான்கு எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தினாள்! சிக்கல் கடலுக்கு அப்பாலும் உண்டு, இப்பாலும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

குறையை மட்டும் சொல்லி நிறுத்துவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே, எனக்குப் பயன்பட்ட சில வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பயணத்திற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, தங்கப்போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகள் தமிழில் கடிதம் எழுதட்டும். பத்து வரி போதும். முகம் தெரியுமுன் எழுத்து தெரிந்திருந்தால் முதல் நாள் கூச்சம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, நாள்தோறும் இரவில் வேதாகமத்தில் ஐந்து வசனங்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘ஸ்தோத்திரம்’, ‘பரிசுத்தம்’, ‘கிருபை’ போன்ற வடசொற்கள் மிகுதி. பாடநூல் தமிழ் மட்டும் அறிந்த பிள்ளைக்கு அவை இடறும். அச்சொற்களை ஒரு தாளில் எழுதி, எதிரே ‘புகழ்ச்சி’, ‘தூய்மை’, ‘அருள்’ என்று எழுதி வைக்கலாம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை உடன்வைத்துப் படித்தால் இரு நடைகளும் பழகும். இது சொல்வளப் பயிற்சியாகவும் அமையும்.

மூன்றாவது, பயணத்தில் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். ஆலயக் கல்வெட்டில் உள்ள பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளட்டும். முன்னோர் சபை எதுவென்று தெரிந்திருந்தால், போதகரிடம் பணிவுடன் கேட்டுப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க முயலலாம். தன் பூட்டனாரின் பெயரைத் தமிழ்க் கையெழுத்தில் காணும் பிள்ளைக்கு, தமிழ் ஏன் படிக்க வேண்டும் என்று நாம் விளக்கத் தேவையிராது.

நான்காவது, ஆசிரியர்களுக்கு. பயணம் சென்றுவந்த மாணவரைத் திங்கட்கிழமை சபைகூடலில் ஐந்து நிமிடம் பேசச் செய்யுங்கள். தரங்கம்பாடி சென்றவரும் பேசட்டும். பழனி சென்றவரும், நாகூர் சென்றவரும் பேசட்டும். மூவரும் பேசுவது ஒரே தமிழ் என்பதை மற்ற மாணவர்கள் காதால் கேட்கட்டும்.

ஐந்தாவது, தேசியப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு. உங்களுக்கும் வழி அடைபடவில்லை. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி வகுப்பிற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் உள்ளது. உங்கள் ஆலயத்தில் ஒரே பள்ளியைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் இருந்தால், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பக்கத்துக் கோவிலுக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து என்பது எட்டாத எண்ணன்று. ஓய்வுநாள் பாடசாலையில் அரைமணி நேரம் தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கவும் யாரும் தடைசொல்லப் போவதில்லை.

நிறைவாக

மூன்று தலைமுறைகளுக்கு முன் நம் முன்னோர் கப்பலேறியபோது உடைமையாகக் கொண்டுவந்தவை சிலவே. வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் அவற்றுள் அடங்கும். இன்று அப்புத்தகங்கள் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை. நம் பிள்ளைகளும் படிக்கவில்லையென்றால், அடுத்த தலைமுறைக்கு அவை வெறும் பழம்பொருள்களாகிவிடும். அதன்பின் எத்தனை முறை விமானமேறினாலும், நண்பர் வீட்டு வாசலில் நாம் அந்நியராகவே நிற்போம்.

எனவே, அடுத்த விடுமுறைக்கு விமானச்சீட்டு வாங்கும் பெற்றோர் அதே நாளில் பிள்ளைக்கு ஒரு தமிழ்ப் புத்தகமும் வாங்கட்டும். விலையில் சீட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பிள்ளை அங்கே விருந்தினரா, வேடிக்கை பார்ப்பவரா என்பதை அந்தப் புத்தகமே முடிவு செய்யும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.