திரி வைத்துத் தைத்த வெள்ளைத் துணி

திருமங்கலம் பக்கம் வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறதென்றால் முதலில் தேடுவது தாத்தாவின் பழைய வேட்டியைத்தான். கிழித்து, துவைத்து, மடித்து வைத்துவிடுவார்கள். தென் பிரான்சில், மார்செய் துறைமுகத்தை ஒட்டிய புரோவான்ஸ் பகுதியில் இதே காரியத்துக்கு நாள்கணக்கில் ஊசி பிடித்திருக்கிறார்கள். பெட்டாஸூன் என்ற சின்ன வெள்ளைச் சதுரத் துணி அது. ஞானஸ்நானத்தன்று குழந்தையை மடிக்கு மடி மாற்றும்போது அடியில் விரிப்பார்கள். மடியில் இருப்பவரின் நல்ல உடுப்பு நனையக் கூடாதே!

அந்தத் தையலின் பெயர் 'பூட்டி'. நம்மூர்ப் பூட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய துணிகளைத் தைத்தவர்கள் நம் பூட்டிகளுக்கும் மூத்தவர்கள்.

இதில் வண்ண நூலே கிடையாது. இரண்டு மெல்லிய வெள்ளைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பூவோ கொடியோ வரைந்து, கோட்டின் இரு பக்கமும் பொடி ஓட்டுத்தையல் போடுவார்கள். நடுவே ஓடை மாதிரி ஒரு வழி கிடைக்கும். துணியைத் திருப்பி, மொட்டை ஊசியால் இழைகளை மெல்ல விலக்கி, அந்த வழியில் பருத்தித் திரியை இழுத்து நிரப்புவார்கள். திரி போன இடம் புடைக்கும். மற்ற இடம் தட்டையாக நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் முழு அழகு தெரியும். அந்தத் திரிக்கு பிரெஞ்சில் 'மெஷ்' என்று பெயர். விளக்குத் திரிக்கும் அங்கே அதே சொல்தான்!

இதற்கும் மூத்த உறவு ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: 14-ம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் போர்வை. மார்செய் வேலை 17, 18-ம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஊர் ஊராகப் போனது. பிறகு இங்கிலாந்தில் தறியிலேயே அதே புடைப்பை நெய்யக் கற்றுக்கொண்டார்கள். ஊசி பிடித்த கைகளால் தறியின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆண்கள் விருந்துச் சட்டையில் வரும் 'மார்செல்லா' துணிக்கு மார்செய் ஊரின் பெயர்தான். அது தறித் துணி, கைத்தையல் அல்ல.

செய்து பார்க்க ஆசையா? உள்ளங்கை அகலத்தில் ஒரே ஓர் இலை போதும். மல் துணியை முதலில் துவைத்துவிடுங்கள். முறுக்கு அதிகமில்லாத பருத்தி நூல் எடுங்கள். இறுக்கமாக அடைத்தால் தையல் விட்டுவிடும். முடிந்ததும் தண்ணீரில் நனைத்தால் ஊசி விலக்கிய ஓட்டைகள் மூடிக்கொள்ளும். இஸ்திரி மட்டும் வேண்டாம், புடைப்பெல்லாம் படுத்துவிடும்.