பலகையும் பாடமும்: எண் சொல்லாத காரணம்

அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு குறை கூறினார். அவருடைய மகன் சதுரங்கத்தில் பேரார்வம் உடையவன். ஆயின் கடினமான நிலை எதிர்ப்பட்டதும் கைப்பேசியிலுள்ள நிரலிடம் காட்டுகிறான்; அது தரும் எண்ணைப் பார்க்கிறான்; காய்களைக் கலைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். "ஏனப்பா இந்த நகர்வு?" என்று வினவினால், "கணினி சொல்கிறது" என்பதே விடை. தமக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாமையால் மேற்கொண்டு பேச வழியில்லை என்று அவர் வருந்தினார். அவரைப் போன்ற தந்தையர் நம்மிடையே பலராதலின், ஓர் ஆட்டத்தை இங்கே எடுத்துக்கொள்வோம்.

1998-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு லினாரெஸ் நகரில் வெசலின் தோபலோவும் அலெக்சி ஷிரோவும் மோதினர். 47-ஆம் நகர்வில் வெள்ளைக்கு ராஜாவும் மந்திரியும் 2 சிப்பாய்களும் இருந்தன. கறுப்புக் காய்களை ஆடிய ஷிரோவுக்கு ராஜா, மந்திரி, 4 சிப்பாய்கள். மந்திரிகளோ ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றது கறுப்புக் கட்டத்திலும் செல்வன. இத்தகைய இறுதியாட்டங்கள் 2 சிப்பாய்கள் மிகுதியாயிருந்தும் சமமாய் முடிவது வழக்கம். அந்நிலையில் ஷிரோவ் தம் மந்திரியை எச்3 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் வெட்டுமாறு கொண்டுபோய் வைத்தார்!

காரணம் இதுதான். கறுப்பு ராஜா இ4 கட்டத்தை அடையவேண்டும். வெள்ளை ராஜா இ3-க்கு வந்துவிட்டால் வழி அடைபடும். போகவேண்டிய பாதையிலோ தன் மந்திரியே நிற்கிறது. அதை வேறிடத்திற்கு நகர்த்தினால் அதற்குள் வெள்ளை ராஜா வந்துவிடும். எச்3-க்குச் சென்றாலோ பாதையும் திறக்கும், எதிரியின் சிப்பாயும் தாக்கப்படும். வெட்டினாலும் ஒரு நகர்வு வீண். வெட்டாவிடினும் அச்சிப்பாய்க்கே ஆபத்து. தோபலோவ் வெட்டினார், ஷிரோவின் 53-ஆம் நகர்வுக்குப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

டீப் புளூ என்னும் கணிப்பொறி காஸ்பரோவை வென்றது 1997-இல். அதாவது இதற்கு முந்திய ஆண்டு. எனினும் அக்கால நிரல்கள் இந்நகர்வைக் காணத் திணறின என்பது சதுரங்க உலகம் அறிந்த செய்தி.

இன்றைய நிரல்கள் பன்மடங்கு வலியன; ஆயினும் யாவும் ஒரே வழியில் நினைப்பன அல்ல. ஸ்டாக்ஃபிஷ் ஒரு நொடியில் இலட்சக்கணக்கான நிலைகளை ஆராய்வது. அத்தனையையும் ஒரே ஆழத்தில் பார்க்க இயலாதாகையால், பயனற்றவையெனத் தோன்றும் நகர்வுகளைக் குறைத்தே பார்க்கும். மந்திரியை வீணே கொடுப்பது முதற்பார்வையில் அவ்வகையில் சேர்ந்துவிடும். லீலா என்னும் நிரல் பார்க்கும் நிலைகள் மிகக் குறைவு. தானே தன்னோடு ஆடிக் கற்ற அனுபவத்தைக்கொண்டு நல்லனவாய்த் தோன்றும் நகர்வுகளையே மிகுதியும் ஆராயும். வழக்கத்திற்கு மாறான தியாகம் அதன் கண்ணுக்கும் முதலில் தப்பக்கூடும். ஆக, ஒன்று கணக்கில் இடறும், மற்றது அனுபவத்தில் இடறும். 7 காய்கள் வரையுள்ள நிலைகட்கு முற்றமுடிந்த விடையட்டவணைகள் உள்ளன; இங்கோ பலகையில் 10 காய்கள். நேரம் கொடுத்தால்தான் உண்மை வெளிப்படும்.

ஆகவே அன்பர்க்கு நாம் கூறுவது: கைப்பேசியைப் பறிக்கவேண்டா. மகன் முதலில் தானே கால்மணி நேரம் எண்ணித் தன் நகர்வைத் தாளில் எழுதட்டும். பிறகு அதே நிலையை இரு நிரல்களிடம் கொடுத்து, ஒரு நிமிடத்தில் வந்த எண்ணையும் பத்து நிமிடத்தில் வந்த எண்ணையும் அருகருகே குறிக்கட்டும். எண் மாறிய இடத்தில்தான் பாடம் இருக்கிறது. இறுதியாக, "வெட்டாமல் விட்டால் என்ன? மந்திரி வேறிடம் போனால் என்ன?" என்று அன்பர் கேட்கட்டும். காய்களை நகர்த்திக் காட்டி மகன் விடை சொல்லவேண்டும்.

இவ்வினாக்களைக் கேட்க ஆட்டத்தில் தேர்ச்சி வேண்டுவதில்லை; மகன் அருகில் அமரும் பொறுமை போதும். எண்ணை எந்நிரலும் தந்துவிடும். காரணத்தைத் தன் வாயால் சொன்ன பிள்ளைக்கே அந்நகர்வு சொந்தமாகும்.