உத்தியோகம் நிலையானதா?

பௌதிகம் பயில விரும்பும் மாணாக்கரின் பெற்றோர் நம்மிடம் தவறாது கேட்கும் வினா இது. 1975 ஆம் ஆண்டில் ஜெனீவாவிலே ஒரு பெரும் பௌதிக அறிஞரும் இதனையே கேட்டார். கேட்ட காரணம் மட்டும் வேறு.

அவர் ஜோன் பெல். ஒன்றாய்ப் பிறந்து பிரிந்து சென்ற இரு துணிக்கைகள், நெடுந்தொலைவிலும் ஒத்து நடப்பது ஏன்? புறப்படும்போதே இரகசிய ஏற்பாடொன்றைக் கொண்டு செல்கின்றனவா? ஐன்ஸ்ரைன் காலத்து இவ்வையத்தைப் பரிசோதனையால் தீர்க்கலாமென 1964 இல் கணித்துக் காட்டியவர் அவரே.

அவரைக் காணச் சென்றவர் அலேன் அஸ்பே என்னும் பிரெஞ்சு இளைஞர். கமரூன் நாட்டிலே மூன்றாண்டு ஆசிரியப்பணி புரிந்தபோது குவாண்டம் நூலைத் தாமே கற்றவர். (ஆசிரியத்தொழில் அறிவை மழுக்கும் என்போர் கவனிப்பாராக!) அப்பரிசோதனையைச் செய்ய விரும்புவதாக அவர் கூறவே, நிலையான பதவி உண்டா என்று பெல் முதலில் வினவினாராம். அவ்வாராய்ச்சியை வீண்வேலையென்றே அன்று பலர் எண்ணினர். 1972 இல் அமெரிக்காவில் அத்தகைய பரிசோதனையை நடத்திய ஜோன் குளோசருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிட்டவேயில்லை.

அஸ்பேவுக்கோ சிறு விரிவுரையாளர் பதவியொன்று நிலைத்திருந்தது. துணிந்தார். ஓர்சே நகரில் ஆண்டுக்கணக்காய் உழைத்து, 1982 இல், ஒளித்துணிக்கைகள் வழியிற் செல்லும்போதே அளவிடும் திசையை மாற்றிப் பார்த்தார். முன்னேற்பாட்டினால் அவ்வொற்றுமையை விளக்க முடியாதென்பது புலனாயிற்று. கலாநிதிப் பட்டம் 1983 இலேதான் வந்தது. குவாண்டம் தகவலியலுக்கு வழிதிறந்தமைக்காக 2022 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, சைலிங்கருடன் குளோசரும் அதில் அவருக்குப் பங்காளியானார்.