இண்டெக்ஸை ரேமில் ஏற்றினால் வேகம் வந்துவிடுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் பழைய லாட் விவரம் தேடுவது அன்றாட வேலையாகிவிட்டது. உடலில் படும் தோல் பொருட்களில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே மாதம் அமலுக்கு வந்தது. இந்த ஷூவின் தோல் எந்த வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) லாட், எந்த டிரம், எந்தக் கெமிக்கல் என்று பையர் கேட்டால் உடனே பதில் வேண்டும். தேடல் தாமதமானால் கணினி ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "டிஸ்க் ஸ்லோ சார், இண்டெக்ஸ் மொத்தத்தையும் ரேம்ல ஏத்திடலாம்." இந்த யோசனை பெரும்பாலும் வீண்செலவு.

டிஸ்க்கைவிட ரேம் லட்சம் மடங்கு வேகம் என்கிறார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு அது சரி. அதில் ஓரிடம் தேடிப் படிக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். ரேமுக்கு 100 நானோ செகண்ட் போதும். ஆனால் என்விஎம்இ எஸ்எஸ்டி அதே வேலையைச் சுமார் 100 மைக்ரோ செகண்டில் முடிக்கிறது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் சர்வருக்கு முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி.

அடுத்த வாதம்: டிஸ்க்கில் உள்ள இண்டெக்ஸ் ஒவ்வொரு தேடலுக்கும் டிஸ்க்கைத் தொடுகிறது. இது உண்மையல்ல. லினக்ஸ், விண்டோஸ் இரண்டுமே ஒருமுறை படித்த கோப்புப் பக்கங்களைக் காலியாக உள்ள ரேமில் வைத்துக்கொள்கின்றன. பத்து லட்சம் பதிவுகள், ஒவ்வொன்றும் 1 கிலோபைட் என்றாலும் மொத்தம் 1 ஜிபிதான். 16 ஜிபி சர்வரில் அதன் இண்டெக்ஸ் முழுவதும் தானாகவே ரேமில் வந்து உட்கார்ந்துவிடும். காசு கொடுத்து ஏற்றச் சொல்வது ஏற்கெனவே ஏறியிருப்பதைத்தான்.

நாமே ஏற்றினால் இன்னும் வேகம் கூடும் என்பதற்கு லூசீனின் வரலாறே பதில். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறிக்கு அடித்தளம் இந்த மென்பொருள்தான். இதில் இண்டெக்ஸை ஜாவா ஹீப்பில், அதாவது ஜாவா தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் ரேமில், வைக்க 'ரேம்டைரக்டரி' என்றொரு வசதி இருந்தது. அது தரவை 1024 பைட் துண்டுகளாக வெட்டி வைத்ததால், பெரிய இண்டெக்ஸ் லட்சக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. அவற்றைத் துப்புரவு செய்வதிலேயே ஜாவாவின் நேரம் போனது. சில நூறு மெகாபைட்டுக்கு மேல் வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரித்தது. 9ஆம் பதிப்பில் அதை நீக்கியேவிட்டார்கள். டிஸ்க் கோப்பை நினைவக முகவரிகளோடு நேரடியாக இணைக்கும் 'எம்மேப்' முறையைத்தான் இன்று பரிந்துரைக்கிறார்கள். எலாஸ்டிக்சர்ச்சும் ரேமில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்காதே, மிச்சத்தை இயங்குதளத்துக்கு விடு என்கிறது. ஹீப்பை ஊதினால் டிஸ்க் இண்டெக்ஸுக்கு இடம் குறைந்து தேடல் மேலும் மந்தமாகும்.

மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால், ரேமில் மட்டும் இருந்த இண்டெக்ஸ் போயே போய்விடும். திரும்பக் கட்டும்வரை ஷிப்மென்ட் பிரிவு காத்திருக்க வேண்டும். டிஸ்க் இண்டெக்ஸோ முதல் சில தேடல்களில் தயங்கிவிட்டு ஓடும்.

தோலின் கிரெயின் படங்களை ஒப்பிட்டுக் குறை தேடும் வெக்டர் இண்டெக்ஸுக்கு ரேம் அதிகம் வேண்டும், மறுக்கவில்லை. அங்கும்கூட, 2019இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிஸ்க்ஏஎன்என், வெறும் 64 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் வைத்து நூறு கோடி வெக்டர்களைத் தேடிக் காட்டியது.

தாமதத்தின் நிஜக் காரணம் பல இடங்களில் கேள்வியிலேயே இருக்கிறது. லாட் எண்ணின் நடுவில் வரும் மூன்று இலக்கங்களை, முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்டு எஸ்க்யூஎல்லின் 'லைக்' கொண்டு தேடுகிறார்கள். சாதாரண இண்டெக்ஸ் முதல் எழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. நடுவிலிருந்து தேடினால் அது உதவாது, எல்லா வரிகளையும் படித்தே ஆக வேண்டும். ஒரே லாட்டை ஒருவர் கோடு போட்டும் இன்னொருவர் இடம் விட்டும் பதிந்திருப்பார். அதனால்தான் இப்படித் தேட வேண்டிவருகிறது. பதியும்போதே வடிவத்தை ஒன்றாக்கி, வருடம், வரிசை எண், டிரம் எண் மூன்றையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்து இண்டெக்ஸ் செய்தால் இருக்கிற சர்வரே போதும்.