காப்பாத்துறதுக்காக ஏமாத்தலாமா?

விவசாயி பேய்த் தொடர் பார்த்துட்டு கட்டுரை எழுதுறான்னு சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க. 'சூப்பர்நேச்சுரல்'னு ஒரு அமெரிக்கத் தொடர். 2005-ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் 15 சீசன், 327 எபிசோடு. டீன், சாம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரு பழைய கார்ல ஊர் ஊரா போய் பேய் பிசாசுகளை வேட்டையாடுற கதை. எனக்கு அதுல பேயை விட அந்த அண்ணனோட பாசம்தான் பயமா இருந்துச்சு.

டீனுக்கு 4 வயசு, சாம் 6 மாசக் குழந்தை. வீடு தீப்பிடிச்சு எரியும்போது அப்பா குழந்தையை டீன் கையில கொடுத்து, வெளிய ஓடுன்னு சொல்றார். அன்னிக்கு வாங்கின சுமையை அவன் இறக்கி வைக்கவே இல்லை. பின்னாடி தம்பி செத்தப்போ தன் ஆன்மாவையே விலையா கொடுத்து உயிரை மீட்டான். சரி, அது அவனுடையது, கொடுத்தான்.

9-வது சீசன்லதான் சிக்கல். சாம் ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறான். போதும், போறேன்னு மனசுக்குள்ள முடிவே எடுத்துட்டான். அந்தக் கதையில ஒரு தேவதூதன் மனுஷ உடம்புக்குள்ள புகணும்னா, அந்த மனுஷன் வாயால 'சரி' சொல்லணும். தேவதூதனுக்கே அனுமதி வேணும்! டீன் என்ன பண்றான்? தூதன் தன் உருவத்துல போய் சாம் கிட்ட 'சரி' வாங்கிக்க சம்மதிக்கிறான். அண்ணன்தானே கேக்குறான்னு நம்பி தம்பியும் தலையாட்டிடுறான்.

உயிர் போற நேரத்துல இதெல்லாம் பாக்க முடியுமான்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா சாம் எழுந்து நடமாட ஆரம்பிச்ச பிறகும் டீன் உண்மையைச் சொல்லலை. சொன்னா தம்பி தூதனை வெளியேத்திடுவான், செத்துடுவான்னு பயம். ஒரு பொய்யைக் காப்பாத்த தினம் ஒரு பொய். கடைசியில உள்ள இருந்தவன், சொன்ன பேர்க்காரனே இல்லைன்னு தெரியுது. சாமோட கையாலேயே கெவின்ங்கிற பையனைக் கொன்னுடுறான். அந்தப் பாரம் யாருக்கு? எதுவுமே தெரியாம இருந்த சாமுக்கும் சேர்த்துத்தான்.

இதே டீன் 5-வது சீசன் முடிவுல, சாத்தானை உடம்புல ஏத்திக்கிட்டு பாதாளத்துல குதிக்கிறேன்னு தம்பி சொன்னப்போ, நெஞ்சு வெடிச்சாலும் விட்டுக் கொடுத்தவன். அதுதான் எனக்குப் பெரிய பாசமா தெரியுது. 10-வது சீசன்ல கதை தலைகீழ். அண்ணன் வேண்டாம்னு சொல்லியும் சாம் ரகசியமா அவனைக் காப்பாத்தப் போய், ஒரு தோழியோட உயிரும் போகுது. அடிபட்டவனே அதே தப்பைப் பண்றான். அந்த வீட்டுல அன்புன்னா அப்படித்தான்னு ரெண்டு பேரும் பழகிட்டாங்க.

நம்ம வீடுகள்லயும் இது நடக்குது. பெரியவருக்குப் புற்றுநோய்னா, 'அவருக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாரு'ன்னு மறைப்பாங்க. பாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா யாருக்கு நிலத்தை எழுதணும், யாரைக் கூப்பிட்டுப் பேசணும், எவ்வளவு வைத்தியம் போதும்னு முடிவு பண்ற நாளையும் சேர்த்து அவர்கிட்ட இருந்து பிடுங்கிடுறோம். தாங்க மாட்டேன்னு அவர் சொன்னாரா? தாங்க முடியாதது பெரும்பாலும் நமக்குத்தான்.

எனக்குத் தெரியவே வேண்டாம்னு ஒருத்தர் தானா சொன்னா, அதை மதிக்கலாம். அதுவும் அவர் முடிவுதான். ஆனா முதல்ல கேக்கணும். அடுத்த தடவை டாக்டர் உங்களை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டா, வெளிய உக்காந்திருக்குற அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: 'நீங்களும் வரீங்களாப்பா?'