நட்ட கணக்கும் நின்ற கணக்கும்



ஆண்டுதோறும் மழைக்காலம் வந்தால் கன்று நடுகிறோம். வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். மறு ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று நடும் ஊர்களும் உண்டு. நட்ட கணக்கு ரிஜிஸ்டரில் ஏறிக்கொண்டே போகிறது. நின்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி இன்று வந்துவிட்டது. விமானத்தில் இருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சிக் காட்டை அளக்கும் முறைதான் அது. அந்த அளவை நம் மாநிலம் முறையாக எடுக்க வேண்டும், எடுத்ததை ஊருக்குக் காட்டவும் வேண்டும் என்பதே என் கருத்து.

இதுல நமக்கு என்ன வந்தது என்று நீங்க கேட்கலாம். வந்தது நிறைய இருக்கிறது. 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. காடும் மரங்களும் சேர்ந்த பரப்பைச் சுமார் 24 சதவீதத்தில் இருந்து பத்தே ஆண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்துவது அதன் குறிக்கோள். நல்ல குறிக்கோள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தாம் ஆண்டின் முடிவில் "எட்டிவிட்டோம்" என்று ஒருவரும் "எங்கே எட்டினீர்கள்?" என்று இன்னொருவரும் மேடையில் வாதாடாமல் இருக்க வேண்டுமானால், அளவு சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது காட்டை எப்படி அளக்கிறார்கள்? டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில், பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் விழுந்தால் அது "வனப்பரப்பு". நிலம் யாருடையது, மரம் என்ன சாதி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர். இதில் மலைக்காடும் உண்டு, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு. இதை அந்த நிறுவனம் ஒளிக்கவில்லை. தன் அறிக்கையிலேயே விளக்கம் சொல்லித்தான் கணக்குத் தருகிறது. மாதிரி இடங்களில் ஆட்களை அனுப்பி மரங்களை அளக்கவும் செய்கிறது. குறை நிறுவனத்தினுடையது அன்று. மேலே இருந்து எடுக்கும் படம் பரப்பைத்தான் காட்டும், உயரத்தைக் காட்டாது. மொட்டை மாடியை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை அறை, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

காடு என்பது மாடி வீடு மாதிரி. மேலே உயர்ந்த மரம், அதன் கீழே நடுத்தர மரம், அதற்கும் கீழே புதர், தரையில் புல்லும் கன்றும். இந்த அடுக்குகளைத்தான் காட்டின் கட்டமைப்பு என்கிறார்கள். வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் தங்களுக்கு ஏற்ற கிளையைத் தேடிக் கூடு கட்டுகின்றன. கிளையடுக்கு இல்லாத மரத்தை வைத்துக்கொண்டு "இதோ பச்சை இருக்கிறதே" என்றால் பறவை ஏற்றுக்கொள்ளுமா? தென்னந்தோப்பையும் கலப்புக் காட்டையும் செயற்கைக்கோள் படம் ஒரே பட்டியலில் சேர்க்கலாம். பறவை சேர்க்காது. மண்ணும் மழைத் தண்ணீரும்கூடச் சேர்க்காது.

இனி கருவிக்கு வருவோம். சர்வே லேபில் டோட்டல் ஸ்டேஷன் பிடித்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. அங்கே ஒளி பிரிசத்தில் பட்டுத் திரும்புகிறது, நேரத்தில் இருந்து தூரம் கிடைக்கிறது. இங்கே பிரிசமும் இல்லை, முக்காலியும் இல்லை. பறக்கும் விமானத்தில் இருந்து விநாடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகள் கீழே பாய்கின்றன. 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து புறப்பட்ட துடிப்பு தரையைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏழு பங்குகூட இல்லை. நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் பிசகினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். அவ்வளவு நுணுக்கமான கடிகாரம் உள்ளே இருக்கிறது. விமானம் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்கிறது. அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இன்னொரு கருவி சொல்கிறது.

இதில் அருமையான விஷயம் ஒன்று உண்டு. ஒரே துடிப்பு உச்சிக் கொம்பில் கொஞ்சம் பட்டுத் திரும்பும், நடுக்கிளையில் கொஞ்சம், இலைகளின் இடுக்கு வழியாக இறங்கித் தரையில் கொஞ்சம். முதலில் திரும்பிய ஒளி 982 மீட்டர் தூரத்தையும், கடைசியில் திரும்பியது 1,000 மீட்டரையும் காட்டினால் அங்கே நிற்கும் மரத்தின் உயரம் 18 மீட்டர். இடையில் திரும்பியவை உள்ளே எத்தனை அடுக்கு என்பதைக் காட்டும். இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் காடு முழுவதும் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி பறந்தால் எந்தக் கன்று வளர்ந்தது, எந்த மரம் போனது என்பது தெரிந்துவிடும். நின்ற கணக்கு என்று நான் சொன்னது இதைத்தான். சிவில் மாணவனுக்கு அளவை, இ.சி.இ. மாணவனுக்கு லேசர், கம்ப்யூட்டர் மாணவனுக்குப் புள்ளிக் கணக்கு, மெக்கானிக்கல் மாணவனுக்குப் பறக்கும் கருவி. நம்ம நான்கு டிபார்ட்மெண்டுக்கும் இதில் வேலை உண்டு!

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். பின்லாந்திலும் நார்வேயிலும் காட்டைக் கணக்கெடுக்க இதுவே வழக்கமான முறையாகிவிட்டது உண்மைதான். ஆனால் நம் நாட்டிலும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூலையில் வாப்காஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் ஒரு பணியை ஒப்படைத்தது. 26 மாநிலங்களில் 2,61,897 ஹெக்டேர் வனப்பகுதியை லேசர் முறையில் அளந்து, எங்கெங்கே தண்ணீரைத் தேக்கலாம், எங்கே தீவனம் வளர்க்கலாம் என்று திட்டம் தீட்டும் பணி அது. தண்ணீர் தேடி விலங்குகள் ஊருக்குள் வராமல் தடுப்பது நோக்கம். 2021 ஜூன் 25 அன்று முதல் பத்து மாநிலங்களின் திட்ட அறிக்கைகளை அப்போதைய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் வெளியிட்டார். அந்தப் பத்தில் தமிழ்நாடு இல்லை.

மொத்தச் செலவு 18 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஹெக்டேருக்குச் சுமார் 700 ரூபாய், ஏக்கருக்கு 300 ரூபாய்கூட இல்லை. "அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு கன்று நடலாமே" என்பார்கள். நடலாம். ஆனால் ஏற்கெனவே நட்டதில் எத்தனை பிழைத்தது என்றே தெரியாமல் மேலும் மேலும் நடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது போலத்தான். அந்தத் திட்டம் தேடியது தண்ணீருக்கான மேடு பள்ளம் என்றாலும், மரத்தைத் தாண்டித் தரையைத் தொடும் லேசர் மரத்தின் உயரத்தையும் கூடவே கொண்டு வருகிறது. ஒரு முறை பறந்தால் இரண்டு கணக்கு!

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் அப்பா ஆடு மேய்ப்பவர். பழையசீவரம் மலைச்சரிவிலும் பாலாற்றங்கரையிலும் நடந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. இந்த லேசர் சங்கதியை நான் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏம்ப்பா, மேல இருந்து பாத்தா அது வேலிகாத்தானா, காரையா, களாவான்னு தெரியுமா?"

"தெரியாதுப்பா. உயரம்தான் தெரியும்."

"அப்ப பாதி வேலைதான் ஆச்சு" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வேலிகாத்தான் என்று நாம் சொல்லும் சீமைக்கருவேலம் ஓர் இடத்தை மூடிவிட்டால் லேசருக்கு அதுவும் ஒரு பச்சை அடுக்குதான். லேசரை மட்டும் வைத்து மரத்தின் இனத்தை உறுதியாகச் சொல்வது கடினம். அதிலும் நம் பக்கத்துப் புதர்க்காடு ஆளுயரம், இரண்டு ஆள் உயரம்தான். அடர்ந்த முட்புதரில் ஒளி தரை வரை போகாமல் புதரையே தரை என்று கணக்குக் காட்டவும் வாய்ப்புண்டு. மரத்தின் எடையையோ அதிலுள்ள கரியையோ லேசர் நேரடியாக நிறுத்துப் பார்ப்பதில்லை. தரையில் ஆள் நின்று, 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எடுத்து, அதோடு ஒப்பிட்டால்தான் மேலே எடுத்த அளவுக்கு மதிப்பு. ஆகவே விமானம் வந்தால் காட்டில் நடப்பவருக்கு வேலை போய்விடும் என்பது சரியல்ல. அவர் இல்லாமல் விமானத்துக்கே வேலை இல்லை.

இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். 1802 ஏப்ரல் 10 அன்று லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் பிறந்தது. லாம்ப்டன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் கேட்கிறார்கள். வெயிலில் சங்கிலி பிடித்தவன், கருவியைத் தலைச்சுமையாக மலையேற்றியவன் பெயர் எந்தப் பாடத்தில் இருக்கிறது? இந்தத் தடவையும் நம்மவர்கள் வழிகாட்டக் கூலிக்குப் போய், கணக்கை வேறு எவரோ எங்கோ வைத்துக்கொள்வதாக ஆகிவிடக் கூடாது. செடி தெரிந்தவர்களின் பிள்ளைகள் இன்று கருவியும் தெரிந்தவர்களாகப் படித்து வருகிறோம். இந்த இரண்டும் தெரிந்தவர்களைத்தான் இந்த வேலைக்கு முதலில் கூப்பிட வேண்டும்.

கணக்கு யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு உத்திரமேரூர் கல்வெட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. எங்க ஊரில் இருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம்தான். 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. குடவோலை முறைக்காக எல்லோரும் அதைப் புகழ்கிறோம். அந்தக் குடத்தில் ஓலை போட நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவனுக்கு அதில் இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கே வர முடியாது! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் ஏரிக்கும் தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட மண்ணில், இன்று காட்டுக்குக் கணக்குக் கேட்பது தவறா?

கணக்கு மூடிக் கிடந்தால் ஆபத்தும் உண்டு. லேசருக்கு மரம் மட்டுமா தெரியும்? குடிசையும் தெரியும், ஆட்டுப்பட்டியும் தெரியும், ஒற்றையடிப் பாதையும் தெரியும். அந்தப் படம் அலுவலக மேசையில் மட்டும் இருந்தால், காட்டோரம் பிழைப்பவர்களை வெளியேற்றுவதற்கான சாட்சியாகவும் அது மாறலாம். ஊர் முன்னால் விரித்து வைத்தால் "இந்தப் பாதை எங்க தாத்தா காலத்துப் பாதை" என்று சொல்ல ஒருவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த இடமும் இதுதானே? பின்லாந்தின் நில அளவைத் துறை 2012 முதல் தன் லேசர் அளவுகளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் வரைபடத் தகவல்கள் மீதிருந்த பல கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்திவிட்டது. வழி திறந்திருக்கிறது, நாம்தான் நடக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, தமிழ்நாட்டில் நடவு நடக்கும் இடங்களையும் காப்புக் காடுகளையும் லேசர் முறையில் ஒருமுறை அளந்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். இரண்டு, தரையில் சரிபார்க்கும் வேலையை அந்தந்த வட்டாரத்து டிப்ளமோ மாணவர்களையும், செடி தெரிந்த ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மூன்று, முடிவைத் தமிழில், படத்தோடு கிராம சபையில் வைக்க வேண்டும்.

தை மாதம் மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எங்க மலைக்கு எழுந்தருளுகிறார். வேட்டை என்றால் காடு இருக்க வேண்டும். இந்த மலைக்காடு வளர்கிறதா தேய்கிறதா என்பதை இன்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். அளந்து சொல்லும் காலம் வந்துவிட்டது. அளக்கும் கையும் நம் கையாக இருக்கட்டும், நண்பர்களே! வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் உங்கள் ஊரில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் நட்டதுல எத்தனை நிக்குது?"